வாங்க, இருங்க, போயிட்டு வாங்க

வார்னெத் நாட்டில் தார்வெல் என்றொரு கோட்டை இருக்கிறது, அந்தக் கோட்டைக்கு வடக்கு வாயில் என்றொரு வாயில் இருக்கிறது, அந்த வாயிலுக்கு ஹோரிம் என்றொரு காவலன் இருக்கிறான், இந்த மூன்றும் அச்சடித்த காகிதத்தில் மட்டும்தான் இருக்கின்றன என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, பால் பாக்கெட் எடுக்க இறங்கியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவன் எங்கள் அடுக்ககத்தின் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். வரச்சொன்னது நாங்கள்தான். அதை ஒத்துக்கொள்கிற யோக்கியதை எங்களில் ஒருத்தருக்கும் இன்று வரைக்கும் கிடையாது, அதனால் நான் சொல்கிறேன்.

என் பெயர் சண்முகக்கனி, ஊர் கோவில்பட்டி, இருபத்திரண்டு வருஷமாகக் கோயம்புத்தூரில் குப்பை கொட்டுகிறேன். இன்சூரன்ஸ் ஆபீஸில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் மத்தியானம் மூன்று மணிக்கு அசோசியேஷன் ஹாலில் ஒரு மேசையைப் போட்டு ஆட்டம் நடத்துகிறேன். சீட்டாட்டம் இல்லை, தாயமும் இல்லை. ஒருத்தி கதையை நடத்துவாள், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி நான் இங்கே ஒளிகிறேன், நான் அவனை வெட்டுகிறேன் என்று வாயால் சொல்வார்கள், வெட்டு விழுந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். கதை நடக்கிற நாடு நான் உண்டாக்கியது கிடையாது. இங்கிலீஷில் ஒருவர் பதினோரு தடித்த புத்தகமாக எழுதிவைத்துவிட்டுப் போன நாடு, எந்த ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த ராஜாவுக்கு எத்தனை சொத்தைப் பல் என்பது வரைக்கும் அச்சாகிவிட்ட நாடு. நான் அதைத் தமிழில் நடத்துகிறேன், அவ்வளவுதான்.

ஆட வருகிறவர்கள் மூன்று பேர். நாச்சிமுத்து, நூல் மில்லில் மானேஜராக இருந்து ஓய்வு பெற்று இப்போது அசோசியேஷன் தலைவர், தெருநாய் குரைத்தால் லிஃப்டுக்குள் ஓடுகிற மனுஷன், ஆட்டத்தில் இரட்டை வாள் வீரன். பூங்கோதை, பல் டாக்டர், நாள் முழுக்க வலிக்காதுங்க வலிக்காதுங்க என்று பொய் சொல்லியே பிழைக்கிறவள், ஆட்டத்தில் பூட்டுத் திறக்கிற திருடி. தரணிதரன், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன், பதினோரு புத்தகத்தையும் மூன்று தரம் படித்தவன், நான் வாயைத் திறந்தாலே "நாலாம் புத்தகத்துல அப்படி இல்லீங்க்கா" என்று விரலைத் தூக்குகிறவன், ஆட்டத்தில் மந்திரவாதி. மூன்று பேரையும் நான் மதித்தது கிடையாது. ஆட்டத்துக்கு ஆள் வேண்டுமே என்று சகித்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இவர்கள் தார்வெல் வடக்கு வாயிலில் ஹோரிமோடு நின்று பேசி, வழி கேட்டு, ஆளுக்கு ஒரு குவளை தண்ணீரும் வாங்கிக் குடித்தார்கள். ஹோரிமாகப் பேசியது நான். ஆட்டம் நடத்துகிறவள்தான் எதிரில் வருகிற அத்தனை பேருக்கும் வாய் கொடுக்க வேண்டும். ஆறு மணி ஆகிவிட்டது, காவலன் விடைபெற்றுக்கொண்டு உள்ளே போக வேண்டும். வேறு பாஷைக்காரி என்றால் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாள். நம் வாயில் அது வருமா? இழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது கூட ஒன்றும் சொல்லாமல் எழுந்து நடப்போமே தவிர, போறேன் என்று சொல்லமாட்டோம். அதனால் ஹோரிமின் குரலில், "அப்போ நான் வரேன்" என்றேன். அதற்கு நாச்சிமுத்து மேசைக்கு அடியில் செருப்பைத் துழாவிக்கொண்டே, "வாங்க வாங்க, அவசியம் வாங்க, வந்தா ரெண்டு நாள் இருந்துபோட்டுத்தான் போகோணும்" என்றார், மற்ற இரண்டு பேரும் ஆமாங்க ஆமாங்க என்றார்கள், லைட்டை அணைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

தார்வெல்லின் வாயிற்குலத்தாரைப் பற்றி முதல் புத்தகத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறது. அவர்கள் சொன்னதைச் செய்யாமல் இருக்கமாட்டார்கள், பிறர் சொன்னதையும் சொன்னபடியே எடுத்துக்கொள்வார்கள், விருந்தாளியாகப் போன இடத்தில் வீட்டுக்காரன் சொல்லை மீறி ஒரு எட்டு எடுத்துவைக்க அவர்கள் காலுக்கு வராது. நான் படித்துத்தான் இருந்தேன். படித்து என்ன பிரயோஜனம், வாயில் வருவதுதானே வரும்.

ஆக, சொன்னபடி வந்தான். ஆறரை அடி உயரம், பின்னிப் போட்ட தாடி, மார்பில் வெண்கலத் தகடு, இடுப்பில் முழங்கை நீளத்துக்கு ஒரு சாவி. எங்கள் ஜனங்கள் ஓடினார்களா, கத்தினார்களா என்றால் அதெல்லாம் ஒன்றும் இல்லை. "வாங்க, யாரைப் பார்க்கோணும்?" என்று கேட்டார்கள். அவன் எங்கிருந்து வருகிறான் என்பதைச் சொன்னான், அதற்கு அப்படீங்களா என்றார்கள். அது எந்தப் பக்கமுங்க, பொள்ளாச்சி தாண்டியா என்றார்கள். குலத்தைச் சொன்னான், நம்ம ஆளுகளா என்று ஒருத்தர் இன்னொருத்தர் காதில் கேட்டார். கல்யாணம் ஆச்சுங்களா, குழந்தை எத்தனை, சொந்த வீடா என்று கேட்டு முடித்த பிறகுதான் மார்பில் என்ன தகடு என்று ஒரு அம்மாளுக்குக் கேட்கத் தோன்றியது, அதுவும் என்ன பாலீஷ் போட்டால் இப்படிப் பளபளக்கிறது என்று தெரிந்துகொள்ள. ஹோரிம் என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை, அதனால் அரை மணி நேரத்தில் அவனை ஹரிராம் ஆக்கினார்கள். இன்னொரு சங்கடம் வேறு. அவனுக்குத் தமிழ் கொடுத்தது என் வாய் என்பதால் அவன் அச்சு அசலாகக் கோவில்பட்டித் தமிழ் பேசினான், உடனே அவன் என் சித்தப்பா மகன், ஏதோ கேஸிலிருந்து தப்பித்து வந்து வேஷம் போடுகிறான் என்று மூன்றாவது மாடி முழுக்கப் பேச்சு.

இரண்டு நாள் விருந்து நடந்தது. அதையும் சொல்லவேண்டும், சோறு போடுவதில் இவர்களைக் குறை சொல்ல முடியாது, ஒரு வீட்டில் சந்தகை, ஒரு வீட்டில் ஒப்புட்டு, ஒரு வீட்டில் பள்ளிபாளையம் சிக்கன், அவன் போட்டதையெல்லாம் தின்றான். மூன்றாம் நாள் காலை குளித்துத் தாடியைப் பின்னிக்கொண்டு நாச்சிமுத்து வீட்டு வாசலில் போய் நின்று, இரண்டு நாள் முடிந்தது, உத்தரவு கொடுங்கள் என்று கேட்டான். ஏன் அவசரம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னான். தெற்கே இருந்து பகைவர் படை கிளம்பிவிட்டது, மழைமாதம் பிறப்பதற்குள் தார்வெல்லுக்கு வந்துவிடும். வாயிலுக்கு அவனைவிட்டால் ஆள் இல்லை. அதைவிடப் பெரிய காரியம், அவனுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள், இல்மா என்று பெயர், தாய் இல்லாத பிள்ளை. அவன் கிளம்பும்போது, நான் வருகிற வரைக்கும் இந்தப் படியை விட்டு எழுந்திருக்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டான். அவளும் வாயிற்குலம். படை வந்தாலும் சரி, கோட்டை பற்றி எரிந்தாலும் சரி, அவன் போய் எழுந்திரு என்று சொல்லாமல் அவள் எழுந்திருக்கமாட்டாள்.

இதை முழுக்கக் கேட்டுவிட்டு நாச்சிமுத்து என்ன சொன்னார் தெரியுமா? "அட, அதுக்குள்ள என்ன அவசரமுங்க. இருங்க, போலாம்."

இருங்க. அவ்வளவுதான், அவன் கால் நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று கேட்டான், அட இருங்க என்றார். படி இறங்கி வந்தான், எதிரில் வந்த அத்தனை பேரும் கிளம்பிட்டீங்களா, இருங்க, ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டுப் போலாமுங்க என்றார்கள். பாதிப் பேர் வீட்டில் பால்கூட இல்லை. வாய் சர்க்கரை, கை கொக்கரை. அந்த ஒரு சொல்லை மாலை மாலையாக அவன் கழுத்தில் போட்டு, அதன் கனத்தில் அவன் தலை குனிந்தபோது, பாருங்க எவ்வளவு அடக்கமான மனுஷன் என்று பாராட்டினார்கள்.

இருக்கிறது என்று ஆன பிறகு சும்மா உட்கார வைப்பார்களா? என்ன தொழில் என்றார்கள், வாயிற்காவல் என்றான், அட நம்ம கேட்டுக்கே ஆள் வேணுமுங்களே என்றார்கள். பதினாலு வருஷமாகக் கேட்டில் இருந்த வாட்ச்மேன் துரைப்பாண்டியை அன்று சாயங்காலமே ஒரு சால்வையைப் போர்த்தி, போயிட்டு வாங்க என்று அனுப்பிவைத்தார்கள். அவர் பாவம் தமிழ்க்காரர், அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்து திரும்பி வரவேயில்லை.

ஹோரிம் கேட்டில் நின்ற அன்றைக்கே எங்களுக்குப் பிடித்தது சனி. நாச்சிமுத்து பேக்கரிக்குப் போகும்போது "அஞ்சு நிமிஷத்துல வந்தர்றனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார், ஆறாவது நிமிஷம் ஹோரிம் பேக்கரிக்குப் போய், கையில் டீ கிளாஸும் வாயில் தேங்காய் பன்னுமாக அவரை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கேட்டுக்கு உள்ளே நிறுத்தினான். பூங்கோதை போனில் யாரிடமோ வலிக்கவே வலிக்காது என்று சொல்லிக்கொண்டே போனதைக் கேட்டுவிட்டு அவளுடைய கிளினிக்குக்கே போய் நின்றான், நாற்காலியில் இருந்த ஆள் ஒவ்வொரு தடவை அம்மா என்று முனகும்போதும் பூங்கோதையைத் திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான், அவள் அன்று மத்தியானத்தோடு கிளினிக்கை மூடிவிட்டாள். இரண்டாவது மாடியில் தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத இரண்டு அம்மாள்கள் கேட்டில் எதிரெதிரே மாட்டிக்கொண்டு, வேறு வழியில்லாமல் ஒருத்தி மற்றவளிடம் "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்று சொல்லித் தொலைத்தாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஹோரிம் மற்ற அம்மாளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், வாங்க என்றவள் வீட்டில் உட்கார வைத்தான். ஒரு நாள் என்றால் ஒரு நாள். பொழுது சாய்கிற வரைக்கும் இரண்டு பேரும் நடுவில் ஒரு தட்டு முறுக்கை வைத்துக்கொண்டு ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இப்படி ஒரு அதிசயம் கேட்டில் வந்து நின்றால் மனுஷ ஜென்மங்கள் என்ன செய்யும்? சொன்னதைச் செய்யப் பழகும், அல்லது செய்ய முடியாததைச் சொல்லாமல் இருக்கப் பழகும் என்றுதானே நினைப்பீர்கள். எங்கள் ஆட்கள் அப்படியெல்லாம் தாழ்ந்துபோகிறவர்கள் இல்லை. கேட்டில் மட்டும் யாரும் வாயைத் திறக்கவேண்டாம் என்று வாட்ஸப் குழுவில் போட்டார்கள். அதிலிருந்து கேட்டுக்குப் பத்தடி முன்னால் வாயை மூடிக்கொண்டு, சரி என்றும் இல்லை என்றும் அர்த்தமாகாத ஒரு தலையாட்டலைத் தலையில் வைத்துக்கொண்டு, கேட்டைத் தாண்டிய மறு நிமிஷம் விட்ட இடத்திலிருந்து பொய்யைத் தொடர்ந்தார்கள். அதுவும் முடியாதவர்கள் பின்பக்கம் செப்டிக் டேங்குக்குப் பக்கத்தில் காம்பவுண்டுச் சுவரை இடித்து ஒரு ஓட்டை போட்டுக்கொண்டார்கள். லட்ச லட்சமாகக் கொட்டி வாங்கிய வீட்டுக்குப் பெரிய பெரிய மனுஷர்கள் எல்லாம் குனிந்து, தவழ்ந்து, முழங்காலில் சாக்கடைச் சேற்றோடு போய்வந்தார்களே தவிர, வாயைத் திறந்து ஒரு உண்மையைச் சொல்லிவிட்டு முன்வாசல் வழியாக வர ஒருத்தருக்கும் மனசு இல்லை. தூ.

ஒரு நாள் நாச்சிமுத்துவால் தாங்கமுடியவில்லை. ஹோரிம் வழக்கம்போலக் காலையில் வந்து உத்தரவு கேட்டபோது, அவருக்குத் தெரிந்த ஆகக் கடுமையான சொல்லைச் சொல்லிவிட்டார், "சரி, போயிட்டு வாங்க" என்று. ஹோரிமின் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். நின்ற இடத்திலிருந்து ஒரு எட்டு வைத்தான், ஆளைக் காணோம். பால்காரர் முதற்கொண்டு எல்லோரும் கைதட்டினார்கள். கால் மணி நேரம் கழித்துத் திரும்ப வந்தான். முழங்கால் வரைக்கும் சாம்பல். போய் என்றதற்குக் குன்றின் அடிவாரம் வரைக்கும் போனானாம், கோட்டைக்கு வெளியே வயல்கள் எல்லாம் எரிந்து கிடந்தனவாம், மேலே வடக்கு வாயில் படியில் இல்மா சொன்னபடி உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்ததாம். கூப்பிடு தூரத்துக்கு இன்னும் நூறு அடி இருக்கும்போது வாங்க என்ற சொல் அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. அவன் இதைச் சொல்லும்போது குரல் உடையவில்லை, கை மட்டும் அந்தச் சாவியை விடாமல் பிடித்திருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ச்சோ ச்சோ என்றார்கள். பாவமுங்க, உட்காருங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க என்றார்கள்.

அந்த வாரம் பொதுக்குழு கூடியது. ஹரிராமை எப்படியாவது அனுப்பியாக வேண்டும் என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள், பிள்ளைக்காக இல்லை, சுவர் ஓட்டை வழியாக வாஷிங் மெஷின் நுழையவில்லை, அதற்காக. வா என்ற சொல் ஒட்டாமல் வெறும் போங்க மட்டும் யாராவது ஒருத்தர் சொன்னால் போதும், அவன் போய்விடுவான், பிள்ளையும் பிழைக்கும், கேட்டும் மிச்சம். முப்பத்தாறு வீட்டில் ஒருத்தர் சொல்லவேண்டுமே. வீட்டுக்கு வந்த மனுஷனை எப்படீங்க போங்கன்னு சொல்றது, நம்ம மரியாதை என்ன ஆகறது என்றார்கள். கடிதமாகக் கொடுக்கலாம் என்று எழுதிப் பார்த்தார்கள், தாங்கள் சென்று வருமாறு என்று வந்து நின்றது, அடித்துவிட்டு எழுதினார்கள், தாங்கள் பயணப்பட்டு மீண்டும் ஒருமுறை வருகை தருமாறு என்று வந்தது. ஊரை விட்டு ஒருவனைத் துரத்தவேண்டும் என்று நினைக்கிறார்கள், அவன் தங்களைப் பற்றி நல்ல விதமாக நினைத்துக்கொண்டே போகவேண்டும் என்றும் நினைக்கிறார்கள். கடைசியில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. கனியக்கா, நீங்கதான் உங்கூர்ப் பேச்சுல பட்டுனு சொல்லிப்போடுவீங்க என்றார்கள். மாட்டேன் என்று பட்டென்று சொன்னேன், எழுந்து வந்துவிட்டேன்.

ஏன் மாட்டேன் என்றேன்? அங்கேதான் இருக்கிறது என்னுடைய யோக்கியதையும். ஒன்பதாம் புத்தகத்தில், மழைமாதத்து முதல் நாள், தார்வெல் கோட்டை விழுகிறது. அரண்மனை, சந்தை, வாயில், உள்ளே இருந்த ஆண் பெண் அத்தனையும் போகிறது. விடிந்தபோது வடக்கு வாயிலில் காவலன் இல்லை என்று ஒரே ஒரு வரி. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு உலகம் முழுக்கப் படிக்கிறவர்கள் இருபது வருஷமாக அடித்துக்கொள்கிறார்கள், காவலன் எங்கே போனான், எவனிடம் விலைபோனான் என்று. அவன் பெயரையே துரோகிக்கு இன்னொரு பெயராகப் பத்தாம் புத்தகத்தில் வைத்துவிட்டார் அந்த ஆசிரியர். எங்கே போனான் என்று எனக்குத் தெரியும். கோயம்புத்தூரில் சந்தகை தின்றுகொண்டிருந்தான். ஹோரிம் என்னிடம் இரண்டு தடவை கேட்டான், உங்க புத்தகத்துல எங்க கோட்டையைப் பத்தி என்ன போட்டிருக்கு என்று. நான் இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை என்றேன். போ என்று சொன்னால் சாகப் போவான், சொல்லாவிட்டால் இங்கேயே இருப்பான். இந்த அடுக்ககத்தில் சொன்ன சொல்லுக்கு நிற்கிற ஒரே ஒரு ஜீவன் அவன்தான், அவனோடு கேட்டில் நின்று பேசுகிற காலை நேரம் எனக்கு நன்றாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். ஊரையெல்லாம் காறித் துப்புகிறேனே, அந்தப் பிள்ளை படியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான்.

தரணிதரன்தான் உடைத்தான். நல்லெண்ணத்தில் இல்லை, அவனுக்கு அப்படி ஒன்று இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. தனக்குத் தெரிந்த ஒன்று எதிரில் இருப்பவனுக்குத் தெரியாது என்றால் அவனுக்குத் தொண்டை அரிக்கும். கேட்டில் நின்றுகொண்டு ஹோரிமிடமே, சார் நீங்கதான் அந்தப் புத்தகத்துலயே பெரிய மர்மம், ஒன்பதாம் புத்தகம், முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் என்று ஆரம்பித்து, கோட்டை விழுந்ததிலிருந்து துரோகி வரைக்கும் ஒப்பித்துவிட்டு, ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனான்.

அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு ஹோரிம் என் வீட்டுக்கு வந்தான். மழைமாதம் பிறக்க ஒரு நாள் இருந்தது. நான் கதவைத் திறந்ததும் அந்தப் புத்தகத்தை எடுக்கச் சொன்னான். எடுத்து அந்த வரியைத் தமிழில் படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னான், படித்தேன்.

"விடிஞ்சப்போ காவலன் இல்லைன்னுதான் போட்டிருக்கு?" என்று கேட்டான்.

"ஆமா."

"விடியறதுக்கு முன்னால இருந்தானா இல்லையான்னு போடலை?"

"போடலை."

"என் மகளைப் பத்தி?"

பதினோரு புத்தகத்திலும் தேடிவிட்டேன் என்றும், அவளைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை, பெயர்கூட இல்லை என்றும் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. அவனுக்கு முகம் தெளிந்தது.

"அப்போ அவளுக்கு இன்னும் ஒண்ணும் நடக்கலை" என்றான். "அம்மா, நீங்க சொல்லுங்க. நீங்க ஒருத்தராவது சொல்லுங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை பேரை எத்தனை தடவை போடா போடி என்று திட்டியிருப்பேன், கணக்கே இல்லை, ஒரு தடவையாவது அது வாயில் இவ்வளவு கனத்தது கிடையாது. "போங்க ஹோரிம்" என்றேன். "போங்க. வர வேண்டாம்."

அவன் என் காலைத் தொட்டான். வரேன் என்று சொல்லவில்லை. என் வீட்டு வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு எட்டு எடுத்துவைத்தான், போய்விட்டான்.

மறுநாள் காலை கேட்டில் ஆள் இல்லை என்றதும் எங்கள் அடுக்ககம் என்ன பேசியது என்று கேளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டானே, இத்தனை நாள் சோறு போட்டோமே, ஒரு வார்த்தை வரேன்னு சொல்லத் தெரியலையே, என்ன மரியாதையோ என்று பேசியது. நாச்சிமுத்து சுவர் ஓட்டையை அடைக்க ஆள் வைத்தார். துரைப்பாண்டியைத் திரும்பக் கூப்பிடலாம் என்று ஒரு பேச்சு வந்தது, பார்க்கலாம் என்றார்கள், பார்க்கவில்லை. ஒன்பதாம் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். விடிந்தபோது வடக்கு வாயிலில் காவலன் இல்லை என்று அதே வரி அதே இடத்தில் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மூன்று பேரும் ஒன்றுமே நடக்காத மாதிரி பகடையோடு வந்து உட்கார்ந்தார்கள். வரிசைப்படி இன்றைக்குத் தார்வெல் முற்றுகைதானுங்க்கா என்று தரணிதரன் கைகளைத் தேய்த்துக்கொண்டான். முற்றுகை நேற்றே முடிந்தது என்றேன். கோட்டை எரிந்து அடங்கிவிட்டது, நீங்கள் மூன்று பேரும் வடக்குக் குன்றுக்குக் கீழே கழிவுநீர்க் கால்வாய் வெளியே வருகிற இடத்தில் நிற்கிறீர்கள், கம்பி வலைக்குள்ளிருந்து ஒரு பெண்பிள்ளை தவழ்ந்து வருகிறாள், ஒன்பது வயது இருக்கும், கையில் முழங்கை நீளச் சாவி என்றேன். புத்தகத்துல இப்படி யாரும் இல்லீங்க்கா என்று தரணிதரன் விரலைத் தூக்கினான். வாயை மூடு என்றேன், மூடிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நான் பேசவில்லை. வாய் என்னுடையதுதான், குரல் என்னுடையது இல்லை. அந்தப் பிள்ளை மூன்று பேரையும் ஒவ்வொருத்தராகப் பார்த்தாள்.

"அப்பா எந்திரிக்கச் சொன்னாரு, எந்திரிச்சேன்" என்றாள். "போன்னு சொன்னாரு. எங்கேன்னு சொல்லலை. நான் உங்க வீட்டுக்கு வரட்டுமா?"

நாச்சிமுத்து பகடையை எடுத்து உள்ளங்கையில் வைத்து அதில் இருக்கிற எண்களைப் படித்துக்கொண்டிருந்தார். பூங்கோதை போனைத் திருப்பிப் போட்டாள், மறுபடி நிமிர்த்திப் போட்டாள். போகிற வருகிற எல்லோரையும் வாங்க வாங்க என்று சொன்ன வாய்கள், வா என்று சொன்னால் வந்துவிடுவாள் என்று தெரிந்த அன்றைக்கு, மூன்றும் தைத்த மாதிரி மூடியிருந்தன. ஒருத்தர் சொல்வார், இந்த ஒரு தடவையாவது ஒருத்தர் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். தரணிதரன் தலையை ஒரு ஆட்டு ஆட்டினான், சரியும் இல்லை, இல்லையும் இல்லை. பிள்ளை நின்றுகொண்டே இருந்தாள்.

ஆட்டம் நடத்துகிறவள் ஆட்டக்காரர்களுக்குப் பதிலாகப் பேசக்கூடாது என்பது விதி. எழவெடுத்த விதி.

"வா" என்றேன், என் சொந்தக் குரலில்.

புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து, நாளைக்கு இட்லிக்கு ஊறப்போட்டிருந்த அரிசியோடு இன்னும் ஒரு டம்ளர் அரிசியைச் சேர்த்து ஊறப்போட்டேன்.